வாழ்க்கையில் பிடிப்பே இல்லை. நம்பிக்கை, கருணை, கலை என்று எதையாவது பிடித்துக்கொள் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைப் பார்த்தால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பீர்கள், அல்லது பிள்ளைகள் வெளியூர் போயிருப்பார்கள் என்று தோன்றுகிறது. தியானம் பண்ணுங்கள், சேவைக்குப் போங்கள், ஓவிய வகுப்பில் சேருங்கள் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வேலை உங்கள் வாசலிலேயே இருக்கிறது. அரிசி மாவில் கோலம் போடுங்கள். தினமும், விடிவதற்குள்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்கள், கடையில் வாங்கிய பொடியில் அவசரமாக நாலு கோடு இழுத்ததோடு நிறுத்தியவர்கள். அந்தப் பொடி வெள்ளைக் கல்லை அரைத்தது. அதை எந்த எறும்பும் தின்னாது. மாவை நீங்களே அரையுங்கள். பச்சரிசியோ நொய்யோ கால் கிலோ போதும். களைந்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ரவையை விடக் கொஞ்சம் நைசாக, தொட்டால் மணல் மணலாக இருக்க வேண்டும். இடியாப்ப மாவுப் பதத்துக்குப் போய்விட்டால் விரலில் அப்பிக்கொண்டு கட்டி கட்டியாக விழும். ஈரம் போகாமல் அரைத்து டப்பாவில் அடைத்தால் கெட்டுப்போகும்.

வாசல் தெளித்த உடனே உட்காராதீர்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் மாவு கரைந்து பரவும், சுத்தமாகக் காய்ந்த தரையில் முதல் காற்றுக்கே பறக்கும். தரை இருண்டிருந்து, மேலே மினுமினுப்பு மட்டும் அடங்கிய நேரம்தான் சரி. மண் வாசலில் சாணம் கரைத்துத் தெளித்தால் புழுதி அடங்கும், வெள்ளையும் எடுப்பாகத் தெரியும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, தரைக்கு ஓர் அங்குலம் மேலே வைத்து, பெருவிரலை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். மாவு தீர்ந்தால் வளைவின் நடுவில் நிறுத்தாமல் இரண்டு இழைகள் வெட்டும் இடத்தில் நிறுத்துங்கள், ஒட்டு தெரியாது.

வழவழப்பான டைல்ஸில் உலர்மாவு நிற்காது. அங்கே மாக்கோலம்தான். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மோர் மாதிரி கரைத்து, துணித் துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் அடக்கி மோதிர விரல் வழியே வழிய விட வேண்டும். போடும்போது மங்கலாகத்தான் இருக்கும், காய்ந்த பிறகே வெளுக்கும். தெரியவில்லையே என்று அதன் மேலேயே இன்னொரு தடவை இழுத்துத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பூக்கோலத்தை விடச் சிக்குக் கோலத்தில் தொடங்குவது நல்லது. நேர்ப்புள்ளியாக 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. இழை புள்ளியைத் தொடக்கூடாது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும் வெட்ட வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். 2க்கு 3 போட்டால் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றி, புறப்பட்ட இடத்தில் வந்து சேரும். 3க்கு 4 போட்டாலும் அப்படியே. 4க்கு 4 போட்டால் நான்கு தனி இழைகள் வரும். இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) எவ்வளவோ அத்தனை இழை, அவ்வளவுதான் கணக்கு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியர் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக, அதாவது கணினி பின்பற்றக்கூடிய விதிகளாக, ஆராய்ந்தவர்கள். கை பழகியதும், வெட்ட வேண்டிய ஓரிடத்தில் வெட்டாமல் இரண்டு இழைகளையும் வளைத்து எதிரெதிரே திருப்பிப் பாருங்கள். மொத்தக் கோலமும் மாறிவிடும். சில சமயம் ஒரே இழை இரண்டாகப் பிரியும், இரண்டு இழைகள் ஒன்றாகச் சேரும். எந்த இடத்தில் திருப்புவது என்பது உங்கள் முடிவு. இதை விட நல்ல ஓவிய வகுப்பு எனக்குத் தெரியாது.

நம்பிக்கை பற்றி. லட்சுமி வருவாள் என்று நம்பிப் போடுபவர்கள் போடட்டும். அது இல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் கோலம் கிடையாது, திதி நாளில் பல வீடுகளில் காரியம் முடியும்வரை கிடையாது. வெறும் வாசலைப் பார்த்துத் தெருவே வந்து விசாரிக்கும். நான் எழுந்துவிட்டேன், இந்த வீட்டில் எல்லோரும் நலம் என்று தினமும் தெருவுக்குச் சொல்வதும் நம்பிக்கைதான்.

எறும்புக்கு மாவு போடுவதெல்லாம் கருணையா, மனிதருக்குச் செய் என்பார்கள். மனிதருக்கும் செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நன்றி சொல்லத் தெரியாத உயிருக்குத் தினமும் கொடுத்துப் பழகுவது வேறு பயிற்சி. வாசலை பினாயில் போட்டுக் கழுவிவிட்டு அதன் மேல் மாவு போடாதீர்கள், எறும்புப் பொடி தூவிய இடத்துப் பக்கமே போகாதீர்கள். எறும்பு உள்ளே வரும் என்று பயந்தால் நிலைப்படியை விட்டு இரண்டடி தள்ளிப் போடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடைபாதையில் பாதியை அடைத்துச் செருப்பு அலமாரி வைக்கலாம், ஒரு பிடி அரிசி மாவு மட்டும் குப்பையாம், சங்கத்தில் தடை போடுகிறார்கள். வீட்டைக் கட்டி விற்பவர்களும் கதவுக்கு முன்னால் ஒரு முழம் இடம் விடுவதில்லை. மார்கழிப் போட்டிகள் இன்னொரு பக்கம். கலர்ப்பொடியும் அளவும்தான் மதிப்பெண், இழை சுத்தமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் நடுவர் அபூர்வம்.

பெண்களை வாசலில் கட்டிப்போட்ட வேலையை உயர்த்திப் பேசுகிறேன் என்றும் யாராவது எழுதுவீர்கள். கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தால் இதுவும் சுமைதான், மறுக்கவில்லை. அதனால்தான் ஆண்களும் போட வேண்டும் என்கிறேன். கேள்வி கேட்டவர் ஆணா பெண்ணா என்று நான் பார்க்கவே இல்லை.

முதல் இரண்டு வாரம் 2க்கு 3 மட்டும் போடுங்கள். முந்தின இரவே கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டால் காலையில் தடுமாறாது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கிறது என்றால் அதற்குக் கோலம் மருந்தல்ல. 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம். முதலில் அவர்களிடம் பேசுங்கள், மாவு அரைப்பதை அப்புறம் பார்க்கலாம்.