புற்று இல்லை, ஆனால் இடம் பொல்லாதது

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஒரு வருடமாகத் தலைவலி, உயரமும் கூடவில்லை. எம்.ஆர்.ஐ.யில் ‘கிரேனியோஃபாரிஞ்ஜியோமா’ என்று வந்திருக்கிறது. புற்றுநோய் இல்லையாம். அப்படியிருக்க, கட்டியில் கொஞ்சம் விட்டுவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார் மருத்துவர். முழுவதும் எடுத்துவிடுவதுதானே நல்லது?

பதில்: இது மூளையின் அடிப்பகுதியில் வரும் கட்டி. இதற்கு மேலே ஹைப்போதலாமஸ் (பசி, தூக்கம் போன்றவற்றை ஆளும் மூளைப் பகுதி), பக்கத்தில் பார்வை நரம்புகள், கீழே பிட்யூட்டரி (மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் சுரப்பி). குழந்தைகளுக்கு வரும் வகையில் சுண்ணாம்பு படிந்திருக்கும், எஞ்சின் ஆயில் போன்ற நீர்ப்பைகள் இருக்கும். அது ஹைப்போதலாமஸோடு ஒட்டிவிட்டால், பிய்த்தெடுக்கும்போது அந்தப் பகுதியும் காயப்படும். பிறகு அடங்காப் பசி, ஏறிக்கொண்டே போகும் எடை, தூக்கக் குலைவு, மறதி. (அந்தப் பசி குழந்தையின் குற்றமல்ல, திட்டித் திருத்தவே முடியாது.) ஒட்டியிருக்கிறது என்றால் மருத்துவர் சொல்வதே சரி. கதிர்வீச்சு வழக்கமாக மொத்தம் 54 கிரே (கதிர்வீச்சின் அளவு அலகு), 30 தவணை, ஆறு வாரம். ஒட்டாமல் இருந்தால் முழுதாக எடுக்க முயலலாம். அதனால் ‘ஹைப்போதலாமஸைத் தொட்டிருக்கிறதா?’ என்பதை முதலில் கேளுங்கள்.

அறுவைக்கு முன்பே கார்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்), தைராய்டு, சோடியம் அளவும் பார்வைப் புலச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். கார்டிசால், தைராய்டு இரண்டு ஹார்மோனும் குறைந்திருந்தால் முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், அதன்பிறகே தைராய்டுக்கு ஈடான தைராக்சின். வரிசை மாறினால் இருக்கும் கொஞ்சக் கார்டிசாலும் கரைந்து, குழந்தை சுருண்டுவிடும்.

அறுவை முடிந்த ஓரிரு நாளில் சிறுநீர் கொட்டோ கொட்டென்று போகலாம்; அதைக் கட்டுப்படுத்த டெஸ்மோபிரசின் என்ற மருந்து கொடுப்பார்கள். சில நாளில் அது திடீரென்று குறையலாம். சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்! சேதமான செல்களில் தேங்கியிருந்த, சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் கசிவதால் வரும் குறைவு அது. அப்போதும் பழைய அளவில் மருந்தும் தண்ணீரும் தொடர்ந்தால் சோடியம் சரிந்து வலிப்பு வரும். குடித்தது, கழித்தது இரண்டையும் மி.லி. கணக்கில் எழுதி வையுங்கள்.

வீடு திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் ஊசிதான். வயதுக்கேற்ப 50 அல்லது 100 மி.கி. அந்த ஊசியைப் போடக் கற்றுக்கொள்ளாமல் மருத்துவமனையிலிருந்து கிளம்பாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது, இதே கட்டி. மாத்திரையிலேயே சுருங்குமா?

பதில்: பெரியவர்களுக்கு வரும் ‘பாப்பிலரி’ வகையாக இருந்தால் வாய்ப்புண்டு. அதில் பெரும்பாலும் பி-ராஃப் வி600ஈ மரபணு மாற்றம் இருக்கும். அந்த மாற்றத்தின் விளைவைத் தடுக்கும் வெமுராஃபெனிப், கோபிமெடினிப் மாத்திரைகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2023இல் வெளியானது. 16 பேரில் 15 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. கட்டித் துணுக்கில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். குழந்தைகளின் வகையில் இந்த மாற்றம் இருப்பதில்லை, ஆகவே இந்த மாத்திரைகள் அதற்கு உதவாது.