புரொஜெக்டர் லேம்ப்: எத்தனை மணி நேரம் உழைக்கும், எவ்வளவு செலவு வைக்கும்?

பெட்டியில் 4000 மணி நேரம் என்று போட்டிருந்தது. 2500 மணியிலேயே படம் மங்கிவிட்டதே, லேம்ப் போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. அந்த 4000 என்பது லேம்ப் அணைந்துபோகும் நேரம் அல்ல. புதிதில் தந்த வெளிச்சம் பாதியாகக் குறையும் நேரத்தைத்தான் பெரும்பாலும் அப்படிப் போடுகிறார்கள். வெளிச்சம் சீராகவும் குறையாது. முதல் சில நூறு மணி நேரத்தில் சரசரவென்று இறங்கிவிட்டு, அப்புறம் மெதுவாகத்தான் குறையும்.

உள்ளே இருப்பது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. சின்னக் குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு டங்ஸ்டன் முனைகள், நடுவில் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி. எரியும்போது குமிழுக்குள் அழுத்தம் 200 பார் வரை போகும். கார் டயரில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு! அந்தச் சூட்டில் முனைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன, குவார்ட்ஸ் கருக்கிறது அல்லது பால்போல் வெளுக்கிறது. மங்கலுக்கு இதுதான் காரணம்.

ஆனாலும் லேம்ப் வாங்கும் முன் காற்று ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் லேம்ப் அதிகம் சூடாகி, ஆயுள் குறையும். லென்ஸையும் துடைத்துவிடுங்கள். திரையில் 120 அங்குலப் படத்தை 100 அங்குலமாகச் சுருக்கினாலே வெளிச்சம் சுமார் 1.4 மடங்கு கூடும். பைசா செலவில்லை.

கம்பெனி லேம்ப் விலை கண்ணைக் கட்டுகிறது. மலிவானது வாங்கலாமா?

கடையில் மூன்று வகை கிடைக்கும். புரொஜெக்டர் கம்பெனியே விற்கும் முழு செட் ஒன்று. வேறொருவர் செய்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் பிலிப்ஸ், ஓஸ்ராம், உஷியோ போன்ற பெரிய தயாரிப்பாளரின் அசல் பல்பைப் பொருத்தியது இன்னொன்று. கூடு, பல்பு இரண்டுமே நகலாக இருப்பது மூன்றாவது. என் ஓட்டு இரண்டாவதற்கு. வெளிச்சம் தருவது பல்புதான், கூடு அதைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆனால் உள்ளே யார் பல்பு என்று விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும். "பொருந்தும்" என்று மட்டும் சொன்னால் வாங்காதீர்கள்.

நானும் ஒருமுறை விலையைப் பார்த்து நகல் வாங்கினேன். மாட்டிய அன்றே திரையின் இடது மூலை இருட்டாக இருந்தது. சில வாரங்களில் படம் துடிக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், பிரதிபலிப்புக் கிண்ணத்தின் நடுவில் நிற்க வேண்டிய பல்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது.

விலையை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியது நான்கில் ஒரு பங்கு நேரம்தான் உழைக்கிறது என்றால், அதுதான் விலை உயர்ந்த லேம்ப். வாரன்டி எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். லேம்புக்கு மட்டும் பெரும்பாலும் தனியாக, குறைந்த காலமே தருகிறார்கள்.

எக்கோ மோட் உண்மையில் பலன் தருமா?

தரும். லேம்புக்குப் போகும் மின்சாரம் குறையும், சூடு குறையும், ஃபேன் சத்தமும் அடங்கும். இருட்டான அறையில் பார்ப்பவர்கள் முதல் நாளிலிருந்தே எக்கோவில் ஓட்டலாம்.

இடைவேளையில் பத்து நிமிடம் அணைத்து வைத்தால் மிச்சமாகுமா?

ஆகாது. ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து முனைகள் தேயும். பத்து நிமிடம் அப்படியே ஓடட்டும். படம் முடிந்து அணைத்ததும் ஃபேன் தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

மணிக்கணக்கு தாண்டியும் எரிகிறது. எரியும்வரை ஓட்டலாமா?

வேண்டாம். ஆயுள் முடிந்த குவார்ட்ஸ் பலவீனமாகியிருக்கும், சில சமயம் டப்பென்று வெடிக்கும். வெடித்தால் உள்ளே கண்ணாடித் துகள், காற்றில் பாதரச ஆவி. மின்சாரத்தைத் துண்டித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் அறையை விட்டு வெளியேறுங்கள். குழந்தைகளை முதலில் வெளியே அனுப்புங்கள். வேக்குவம் கிளீனர் போடவே கூடாது, பாதரசத்தை அது அறை முழுக்கப் பரப்பிவிடும். பழைய லேம்பையும் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

நானே மாற்றலாமா?

தாராளமாக. பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, திருகுகளைக் கழற்றி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புது லேம்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாகச் சூடாகும். மூடி சரியாக உட்காராவிட்டால் லேம்ப் எரியாது. பலர் இதைப் பார்த்துவிட்டு "புது லேம்பும் போச்சு" என்று பயப்படுகிறார்கள். கடைசியாக மெனுவில் லேம்ப் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்குங்கள்.

லேம்ப் மாற்றுவதா, லேசர் புரொஜெக்டர் வாங்குவதா?

லேசர், எல்இடி வகைகளுக்கு 20,000 மணி நேரம் என்று பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். தினமும் 2 மணி நேரம் பார்த்தால் 27 ஆண்டு. ஆனால் அதே கணக்கில் 4000 மணி நேர லேம்பும் ஐந்தரை ஆண்டு வரும். வாரக் கடைசியில் மட்டும் படம் பார்க்கும் வீட்டுக்கு நல்ல லேம்ப் ஒன்றே போதும். நாள் முழுக்க டிவி மாதிரி ஓட்டுகிறவர்கள் லேசருக்கு மாறுங்கள்.