சோளிங்கர் மலை ஏறுகிறவருக்கு எபேசஸ் நடக்க முடியாதா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் மே விடுமுறையில் நான், மனைவி, ஐந்து வயது மகள், அம்மா என நான்கு பேரும் ஏழு இரவு கப்பல் பயணம் போகிறோம். ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஏறி, கிரீஸின் சாண்டோரினித் தீவு, துருக்கியின் குஷாதாசி, ஏதென்ஸ், நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு அங்கேயே திரும்பி வருகிற பயணம். ஒவ்வொரு ஊரிலும் இறங்கிச் சுற்றிப் பார்க்கக் கப்பல் கம்பெனியே டூர் வைத்திருக்கிறது. விலை அதிகம். மனைவி அதையே எடுக்கச் சொல்கிறாள். வெளியில் கைடு பிடித்தால் மிச்சமாகும் என்பது என் கட்சி. டூர் எங்கள் இருவருக்கு மட்டும்தான். அம்மாவுக்கு 63 வயது, அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பாப்பாவைப் பார்த்துக்கொண்டு கப்பலிலேயே இருந்துகொள்வார்கள். போன கார்த்திகை ஞாயிறு சோளிங்கரில் ரோப் காருக்குக் கூட்டமாக இருந்ததால் அம்மாவோடு படியேறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த டூர் பட்டியல் மெயிலில் வந்தது. அன்று ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. கப்பல் டூரா, வெளி கைடா, எது சரி?

பதில்: தம்பி, கைடு கணக்குக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சோளிங்கருக்கே வாருங்கள். பெரிய மலைக்கு 1305 படி. கார்த்திகை ஞாயிறு என்றால் நெரிசல் வேறு. உங்கள் அம்மா அத்தனை படியும் ஏறி, யோக நரசிம்மரைச் சேவித்து, திரும்ப இறங்கியும் வந்திருக்கிறார். முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். அந்தக் கால்களைப் பற்றித்தான் ‘அவ்வளவு தூரம் நடக்க முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

முடியாது என்று அம்மா சொன்னாரா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு ஓயாமல் வருகிறது. அம்மாவுக்கு முடியாது, அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்ற இரண்டு வாக்கியமும் எப்போதும் ஒட்டியே வரும். இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் முதல் வாக்கியமே எழுதப்படுகிறது. உங்களுக்கு வேண்டியது சம்பளம் கேட்காத ஒரு ஆயா. அதற்கு அம்மாவின் முட்டியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். பெற்றவளுக்குப் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் எடுத்து, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூட்டிப் போய், ஊர் வந்து நிற்கும்போது அறைக்குள் உட்கார வைப்பதைப் பயணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘நீங்க போய்ட்டு வாங்கப்பா’ என்று நாளை அவரே சொல்லக்கூடும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற வார்த்தை அது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பிள்ளை, தன் வசதிக்கு எடுத்துக்கொள்கிறான்.

பாசத்தை விடுங்கள், பாதுகாப்புக் கணக்குப்படியும் உங்கள் திட்டம் தவறு. கப்பல் கம்பெனியின் டூரில் போய் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். அல்லது அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் பிடித்த கைடோடு போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். விமானம், ஓட்டல் எல்லாம் உங்கள் செலவு. சாண்டோரினியில் நீங்கள் இருவரும் கப்பலை விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். உங்கள் அம்மாவும் ஐந்து வயதுக் குழந்தையும் அன்றிரவு தனியாகத் துருக்கி போய்க்கொண்டிருப்பார்கள். கரையில் நிற்கிற நீங்கள் துருக்கி விசாவுக்கு அலைய வேண்டும். அந்த ராத்திரியை அம்மா எப்படிக் கழிப்பார் என்று நினைத்தீர்களா? நான்கு பேரும் ஒன்றாக இறங்கினால், தவறிப்போனாலும் நால்வரும் ஒரே இடத்தில் நிற்பீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. துறைமுகத்திலிருந்து பார்க்க வேண்டிய இடம் எவ்வளவு தூரம், நடுவில் எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாண்டோரினியில் உங்கள் மனைவி சொல்வதே சரி, கப்பல் டூர் எடுங்கள். பெரிய கப்பல் கட்ட அங்கே துறையே இல்லை. கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்கு இறக்குவார்கள். தனியாகப் போகிறவர்கள் ஃபிரா ஊருக்கு அடியிலுள்ள பழைய துறையில் இறங்குவார்கள். மேலே போக மூன்று வழி: கேபிள் கார், கழுதை, 580க்கு மேற்பட்ட படிகள். எண்ணிக்கையில் சோளிங்கரில் பாதிகூட இல்லை. ஆனால் அதே படியில்தான் கழுதைகளும் ஏறி இறங்கும், சாணத்தில் வழுக்கும். அம்மாவையோ பாப்பாவையோ அதில் நடக்க விடாதீர்கள். கப்பல் டூர்காரர்களைப் பெரும்பாலும் அதினியோஸ் என்ற வேறு துறையில் இறக்கி, பஸ்ஸிலேயே மேலே கொண்டுபோய்விடுவார்கள். படகிலும் முதல் முறை அவர்களுக்குத்தான். திரும்பும்போது பொதுவாக ஃபிராவில் விட்டுவிடுவார்கள். கேபிள் காரில்தான் இறங்க வேண்டும். இரண்டு மூன்று கப்பல் ஒரே நாளில் வந்திருந்தால் அந்த வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பல் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. கப்பல் டூர் என்றால் பணம் தானாகத் திரும்பி வரும். வெளி கைடிடம் கொடுத்த முன்பணம் அவர் போட்ட நிபந்தனையைப் பொறுத்தது.

படகில் ஏறி இறங்கும்போது ஊழியர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். படகு மேலும் கீழும் ஆடும். அது மேலே வரும் கணத்தில் காலை எடுத்து வைக்க வேண்டும். புடவை கட்டிக்கொண்டு தாராளமாகச் செய்யலாம், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் போதும். ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம். பின்பக்கம் வார் உள்ள, அடிப்பாகம் வழுக்காத செருப்பு வாங்கி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டு நடக்கச் சொல்லுங்கள். தோல் தொழிலில் இருக்கிறீர்கள், இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

குஷாதாசியில் நீங்கள் சொல்வது சரி. கப்பல் கரையிலேயே கட்டும், எபேசஸ் சுமார் 20 கிலோமீட்டர்தான். விவிலியத்தில் வரும் அதே எபேசு பட்டணம், இன்று இடிபாடுகளாக நிற்கிறது. கப்பல் டூரில் நிறையப் பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றுவார்கள், ஆளுக்கு ஒரு விலை. தனி வேன் என்றால் வண்டிக்குத்தான் விலை. நான்கு பேருக்குப் பங்கு போட்டால்தான் லாபம் தெரியும். இருவர் மட்டும் போனால் நீங்கள் எதிர்பார்க்கிற மிச்சம் வராது. உங்கள் சிக்கனக் கணக்குக்கும் அம்மா கூட வந்தாக வேண்டும், பாருங்கள். துருக்கி, கிரீஸ், இத்தாலி மூன்றிலும் உரிமம் பெற்ற கைடுதான் உள்ளே கூட்டிப்போய் விளக்கம் சொல்லலாம். பணம் கட்டுமுன் உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

கைடிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, மேல் வாசலில் இறக்கிவிட்டு, கீழ் வாசலில் வேனோடு காத்திருக்க வேண்டும். எபேசஸின் தெரு சரிவாக இறங்கும். இந்த வழியில் போனால் முழுக்க இறக்கம்தான், இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கீழ் வாசலில் நுழைந்தால் அத்தனையும் ஏற்றம். பளிங்குக் கல் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், அம்மாவுக்கு ரப்பர் முனை வைத்த கைத்தடி கொடுங்கள். இரண்டாவது, கடைகளுக்குக் கூட்டிப்போகக் கூடாது. அந்த ஊர் டூர்களில் கம்பளக் கடையும் தோல் ஜாக்கெட் கடையும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ராணிப்பேட்டையிலிருந்து போய்த் தோல் ஜாக்கெட் பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. மூன்றாவது, கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் விட்டுவிட வேண்டும். அந்தக் கடைசி நேரம் கப்பல் கிளம்புவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். அதுவும் கப்பல் கடிகாரப்படி. உங்கள் போன் உள்ளூர் டவரைப் பிடித்துத் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கைக்கடிகாரம் கட்டுங்கள். உள்ளே நுழையுமுன் நால்வரும் கழிப்பறை போய்விடுங்கள், நடுவழியில் கிடையாது. ஸ்ட்ரோலரைக் கப்பலிலேயே விடுங்கள், அந்தக் கல்லில் சக்கரம் ஓடாது.

எபேசஸில் எல்லாரும் நின்று படம் எடுக்கும் இரண்டடுக்கு முகப்பு செல்சஸ் நூலகத்தினுடையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த மாகாணத்தின் ஆளுநராக இருந்த தன் தகப்பனுக்காக அக்குவிலா என்ற மகன் எழுப்பியது. தகப்பனின் உடலையும் அதற்கு அடியிலேயே வைத்திருக்கிறார்கள். இடிந்து கிடந்த முகப்பை 1970களில் எடுத்து நிறுத்தினார்கள். அந்தக் கட்டடத்தின் முன்னால் அம்மா இல்லாமல் நீங்கள் நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

ஏதென்ஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து, பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபொலிஸ் குன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கைடு இல்லாமலேகூட டாக்சியில் போகலாம். நுழைவுச் சீட்டை நேரம் குறிப்பிட்டு முன்னதாகவே ஆன்லைனில் வாங்க வேண்டும். காலை எட்டு மணிச் சீட்டு எடுங்கள். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள்தான் என்றாலும், வெள்ளைக் கல்லில் பட்டு எழும்பும் வெயில் வேறு. மேலே பாறை வழுக்கும், நிழல் கிடையாது. நடமாடச் சிரமப்படுகிறவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. சோளிங்கர் ஏறியவருக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

நேப்பிள்ஸிலிருந்து பாம்பேய் சுமார் 25 கிலோமீட்டர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய நகரம். நால்வருக்கும் கஷ்டமான இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். தெருவெல்லாம் பெரிய பெரிய எரிமலைக் கற்கள், நடுவில் வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளங்கள். ஐந்து வயதுக் குழந்தை அரை மணியில் தூக்கச் சொல்லும். இங்கே கப்பல் டூர் எடுங்கள். வழியில் வாகன நெரிசல் அதிகம், கப்பலுக்குத் திரும்புவதும் அன்று சாயங்காலமே. பாம்பேயில் 1938இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய சின்ன யானைத் தந்தப் பெண் சிலை ஒன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாம்பேய் லட்சுமி என்றே அதற்குப் பெயர். அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். அருங்காட்சியகமும் சேர்ந்த டூர் இருந்தால் அதையே எடுங்கள்.

டூர் பட்டியலைப் படிக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் எளிது, மிதம், கடினம் என்று குறி இருக்கும். எத்தனை மணி நேரம், எவ்வளவு நடை, நுழைவுச் சீட்டும் சாப்பாடும் சேர்த்தியா என்பதும் இருக்கும். ‘பனோரமிக்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான். ‘ஆன் யுவர் ஓன்’ என்றால் பஸ் மட்டும், கைடு கிடையாது. ரத்து செய்யும் கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் பஃபேயிலிருந்து பழமோ சாப்பாடோ பையில் எடுத்து இறங்கக் கூடாது; சீல் பிரிக்காத பிஸ்கட் போதும்.

விசா விஷயத்தில் கோட்டை விடாதீர்கள். கிரீஸிலிருந்து துருக்கி போய்த் திரும்ப கிரீஸுக்குள் வருகிறீர்கள். எனவே நால்வருக்கும், இத்தாலிக்கும் கிரீஸுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசா எடுத்தால் குஷாதாசியோடு பயணம் சிக்கலாகிவிடும். துருக்கியில் இறங்க என்ன தாள் வேண்டும் என்பதைக் கப்பல் கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு அந்தப் பட்டியலை அம்மா கையில் கொடுங்கள். ‘வர முடியுமா’ என்று கேட்காதீர்கள். ‘முதலில் எந்த ஊர் பார்க்கணும்மா’ என்று கேளுங்கள். முதல் மூன்று ஊரிலும் நால்வரும் சேர்ந்து இறங்குங்கள். குழந்தையோடு யாராவது கப்பலில் தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அது நேப்பிள்ஸில். தங்க வேண்டியவர் குழந்தையின் தகப்பன். பாம்பேய் டூருக்கு இரண்டு டிக்கெட் போடுங்கள், ஒன்று உங்கள் மனைவி பெயரில், இன்னொன்று அம்மா பெயரில்.