பகலில் வெறும் மணலாகத் தெரியும் கரையோரக் கடலடியிலிருந்து இரவில் சிற்றுயிர்கள் மேலெழுவது ஏன்?

இறால், நண்டு ஆகியவற்றின் உறவினங்களான ஆம்பிபாடு, மைசிட், குமேசியன் போன்ற, பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உயிர்கள், பகலில் மணலுக்குள்ளும் பவள இடுக்குகளிலும் புதைந்திருந்து, இருட்டியதும் நீரில் எழுந்து நீந்தி, விடிவதற்குள் அடித்தளத்துக்குத் திரும்புவதையே 'இரவு எழுச்சி' என்கிறோம்.

முதன்மைக் காரணம் மீன்கள்தாம். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன்கள் பகலில் இவற்றை எளிதில் பிடித்துவிடும். விளக்கை அணைத்தபின் சமையலறையில் கரப்பான்பூச்சிகள் வெளிவருவதைப் போன்றதே இதுவும். நிலவொளியும் இவற்றுக்கு ஆபத்தானது என்பதால், உருவில் சற்றுப் பெரியவை நிலா மறையும்வரை மணலிலேயே காத்திருப்பதுண்டு. ஆயினும் இவ்வளவு ஆபத்தான பயணம் எதற்கு? உணவு ஒரு காரணம்; இணை தேடுவது இன்னொன்று. குமேசியன்களில் பல, பழைய ஓட்டை உரிப்பதற்கும் நீந்தி மேலே வருகின்றன.

ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் லிசார்ட் தீவில் 1970களில் இவற்றை ஆராய்ந்தார்கள். இத்தகைய ஆய்வுகளில், கவிழ்த்த புனல் போன்ற பொறியைக் கடலடியில் மாலையில் வைத்துவிட்டால், மணலிலிருந்து எழுபவை உச்சியிலுள்ள குப்பியில் சிக்கும். எளிய உத்திதான், ஆனால் எந்த வகைத் தரையிலிருந்து எவை எழுகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

முக்குளிப்போரின் விளக்கைச் சுற்றி மொய்ப்பதைப் பார்த்து, இவை வெளிச்சத்தைத் தேடியே மேலே வருகின்றன எனப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இவற்றை மேலே வரச்செய்வது இருள், விளக்கு ஏற்கெனவே எழுந்தவற்றை ஓரிடத்தில் கூட்டுகிறது, அவ்வளவே.