அறுநூறு ரூபாய் அரிசி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணம் வழங்கப்பட்ட ஆண்டுகளில் புதுச்சேரியின் உழைக்கும் குடும்பங்கள் நலிந்துபோயின என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் பணிபுரியும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருவர் சம்பாதிக்கிறார்கள். மாத வருமானம் இருபதாயிரத்துக்குக் குறையாது. அந்த வருமானத்தில், அரிசிக்குப் பதிலாக மாதந்தோறும் தரப்பட்ட 600 ரூபாய் மூன்று விழுக்காட்டைத் தாண்டாது. மூன்று விழுக்காட்டின் ஏற்ற இறக்கத்தால் ஒரு குடும்பம் நொடித்துப்போகும் என்பதை எப்படி ஏற்பது?

மேலும், ரேஷன் அரிசியைப் பலர் சமைப்பதே இல்லை. மாவுக்கு அரைக்கிறார்கள் அல்லது விற்றுவிடுகிறார்கள். கையில் பணம் கொடுத்தால் விரும்பிய அரிசியை வாங்கிக்கொள்வார்களே, அது கண்ணியமல்லவா? அது போதாது என்றால், எவ்வளவு கொடுத்தால் போதும் என்று ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
க., லாஸ்பேட்டை

அன்புள்ள க. அவர்களுக்கு,

எண்ணைக் கேட்டிருக்கிறீர்கள், அது நியாயமான கேள்வி. விடையைச் சொல்வதற்கு முன் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

வில்லியனூருக்கு அருகில், எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கணவர் பெயிண்டர். மனைவி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணியாளர். அரசுப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் அந்தப் பெண்மணியோடு உட்கார்ந்து, அவர் மகளின் பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு நாள் செலவையும் எழுதினோம். சென்ற வாரக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து பிறந்ததுதான். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது போலவே அங்கும் இருவர் சம்பாத்தியம். ஜூலையில் கணவருக்குப் பதினாறு நாள் வேலை கிடைத்தது. நாள் கூலி 850 என்ற கணக்கில் 13,600 ரூபாய். மனைவிக்குப் பிடித்தம் போகக் கைக்கு வந்தது 9,200. ஆக 22,800 ரூபாய். இதில் 600 என்பது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு என்ற உங்கள் கணக்கு சரியே. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி, வீட்டுக்குள் நுழையும் முன்பே வேறொருவருக்கு உரியதாகிவிடுகிறது என்பதை அது காட்டுவதில்லை. வீட்டு வாடகை 5,500. மகளிர் குழுக் கடன் தவணை 2,850. வேலைக்குப் போகும் வண்டிக்குப் பெட்ரோல் 1,800. பிறகு எரிவாயு, மின்கட்டணம், மூத்த பெண்ணின் டியூஷன். இவற்றில் எதையும் இந்த மாதம் குறைத்துக்கொள்கிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. தவணை நாளன்று குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பெண்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எனவே குறைக்கக்கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது, அது சாப்பாடு. அந்த 600 ரூபாயை முழு வருமானத்தோடு ஒப்பிடாமல், குறைப்பதற்கு இடமுள்ள இந்தப் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2022-23ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறங்களில் சராசரியாக மொத்தச் செலவில் 39 விழுக்காடும் கிராமப்புறங்களில் 46 விழுக்காடும் உணவுக்குப் போகின்றன. இந்த வீட்டில் அது ஏறக்குறையப் பாதி. ஐந்து பேருக்கு மாதம் நாற்பது கிலோ அரிசி வேண்டும். பகலில் சோற்றுக்குப் பொன்னி. காலை, இரவு இட்லிக்கும் தோசைக்கும் குண்டரிசி. ரேஷன் கடை திறந்திருந்த காலத்தில் அந்தக் குண்டரிசி இருபது கிலோவும் அங்கிருந்தே வந்தது.

ஆகவே, மாவுக்கு அரைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆமாம், அரைத்தார்கள். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சேர்த்து அரைத்த மாவுதான், காலை ஏழு மணிக்குக் கம்பெனி பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு மூதாட்டிக்கும் விட்டுச்செல்ல முடிந்த உணவு. விற்றவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. எல்லை தாண்டிப் போன மூட்டைகளையும் நாம் அறிவோம். ஆனால் விற்றவர்களைக் காட்டி, அரைத்தவர்களின் அரிசியை நிறுத்தியதை நியாயப்படுத்த முடியாது.

நிகழ்ந்தது என்ன என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் உணவு மானியத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை தொடங்கியது. அரிசியா பணமா என்ற தகராறு, துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடிக்கும் முதல்வராக இருந்த நாராயணசாமிக்கும் இடையே முற்றி, 2019 பிப்ரவரியில் முதல்வரே ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் முன்பு தர்ணாவில் உட்காரும் அளவுக்குச் சென்றது. பின்னர் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், பணம்தான் என்று முடிந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் சிவப்பு அட்டைக்கு மாதம் இருபது கிலோவுக்கு ஈடாக 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்குப் பத்து கிலோவுக்கு ஈடாக 300 ரூபாய். அதாவது கிலோவுக்கு 30 ரூபாய். 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டு அரிசியும் சர்க்கரையும் வழங்கப்படும் வரை, பல ஆண்டுகள் இந்த 30 ரூபாய்தான் கணக்கு.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் கடையில் அரிசி விலை நின்றுவிடவில்லை. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்கும், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கும் ஒன்றிய அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு இருபது விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்தவே இவை என்று அரசே கூறியது. விலை ஏறுகிறது என்பதை அறிந்து துறைமுகத்தில் தடை போட்ட நாட்டில், அந்த ஏற்றத்தைக் குடும்பங்களின் வங்கிக் கணக்கு மட்டும் அறியவே இல்லை. நோட்டில் உள்ளபடி, 2023 ஜூலையில் அந்தப் பெண்மணி குண்டரிசிக்குக் கொடுத்த விலை கிலோ 48 ரூபாய். 600 ரூபாய்க்கு வந்தது பன்னிரண்டரைக் கிலோ. மீதி ஏழரைக் கிலோ எங்கே போனது? அதை யாரும் வெட்டவில்லை. எந்த அரசாணையும் வரவில்லை. சட்டமன்றத்தில் யாரும் வெளிநடப்புச் செய்யவில்லை. ஆனாலும் அது அந்த வீட்டுக்கு வரவில்லை.

எரிவாயுவிலும் இதையே காண்கிறோம். உருளையை முழு விலை கொடுத்து வாங்குங்கள், மானியம் வங்கிக்கு வரும் என்று 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் பழக்கினார்கள். 2020 மே மாதத்தில் உலகச் சந்தையில் விலை சரிந்து சென்னையில் உருளை 569 ரூபாய் 50 காசுக்கு வந்தபோது, மானியம் தேவையற்றதாகி நின்றது. அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் விலை மறுபடி ஏறி, 2023இல் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசைத் தொட்டபோதும், பெரும்பாலான வீடுகளுக்கு நின்ற மானியம் திரும்பவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் 2022இல் உருளைக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள். புதுச்சேரி அரசு 2023இல் சிவப்பு அட்டைக்கு 300 ரூபாயும் மஞ்சள் அட்டைக்கு 150 ரூபாயும் அறிவித்ததை நன்றியோடு குறிப்பிட வேண்டும். கடலூர்ப் பக்கத்து உறவினர்களுக்கு அதுவும் கிடையாது.

முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கைப் பாருங்கள். 2007இல் இந்திரா காந்தி பெயரில் அத்திட்டம் தொடங்கியபோது மாதம் 200 ரூபாய். எண்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இன்றும் 200 ரூபாய்தான். மாநிலங்கள் தம் பணத்தைச் சேர்ப்பதால் அந்தத் தொகையின் சிறுமை வெளியே தெரிவதில்லை.

கடலூரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்மணியின் அக்காவைக் கடலூர் முதுநகரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. 2011 ஜூன் முதல் அங்கே அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அக்கா வீட்டு வருமானம் தங்கை வீட்டைவிடக் குறைவு. ஆனால் மாதக் கடைசியில் கைமாற்றாகப் பருப்பும் எண்ணெயும் அக்கா வீட்டிலிருந்துதான் தங்கை வீட்டுக்கு வந்தன, பேருந்தில், துணிப்பைக்குள். அக்கா வீட்டிலும் இழப்பு இல்லாமலில்லை. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரல் முதல், இடையில் சில மாதங்கள் நீங்கலாக, 2022 டிசம்பர் வரை வந்த ஆளுக்கு ஐந்து கிலோ கூடுதல் அரிசி நின்றது. தற்காலிகத் திட்டம் என்பதால் அதை நிறுத்தியது தவறென்று வாதிட மாட்டேன். ஆனால் 2023 ஜனவரி முதல் அரிசி முழுவதும் இலவசம் என்று நாடெங்கும் அறிவித்தபோது, ஏற்கெனவே விலையில்லாமல் வாங்கிவந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களின் கைக்கு வந்த அரிசி கூடவில்லை, குறைந்தது.

இனி நவம்பர் மாதப் பக்கம். மழை. கணவருக்கு ஏழு நாள் வேலைதான். ஜூலையைவிட 7,650 ரூபாய் குறைவு. நீங்கள் ஒரு சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்; குடும்பம் சராசரியில் வாழ்வதில்லை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வாழ்ந்து கடக்க வேண்டியிருக்கிறது. அந்த மாதத்தில் அரிசிப் பணம் வரவே இல்லை. பிறகு மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்தது. மொத்தமாக வந்தால் என்ன, அதே தொகைதானே என்று தோன்றும். ஆனால் வந்த அன்று, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. மீதியைத் தண்டல்காரர் வாங்கிக்கொண்டார். நவம்பர் முதல் வாரத்தில் அவரிடம் ஒன்பதாயிரம் வாங்கியிருந்தார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் எழுபது விழுக்காட்டுக்கு மேல். ஓர் அரிசி மூட்டை உரிய தேதியில் வீட்டுக்குள் வந்து இறங்கியிருந்தால் அதைத் தண்டல்காரர் வாங்கிச்செல்ல முடியாது, வங்கி பிடித்துக்கொள்ளவும் முடியாது. அரிசிக்கும் பணத்துக்கும் உள்ள வேறுபாடாக நான் கண்டது இதைத்தான்.

அந்த மாதம் நோட்டிலிருந்து எவையெவை மறைந்தன என்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. முட்டை இரண்டாம் வாரத்தோடு நின்றது. துவரம் பருப்பு அரைக் கிலோவாகி, பிறகு காலாகி, சாம்பார் ரசமானது. மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. டியூஷன் நிற்கவில்லை, தவணை நிற்கவில்லை. இரவில் அந்தப் பெண்மணி தமக்குப் பசியில்லை என்று சொல்லிவந்ததை நோட்டில் எழுத இடமில்லை. மூத்த பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

அந்தப் பெண்மணிக்கு மாதம் 1,000 ரூபாய் உதவி கிடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வேறு உதவி பெறாத குடும்பத் தலைவிகளுக்கென 2023 ஜனவரியில் புதுச்சேரியில் அது தொடங்கியது உண்மைதான். ஆனால் அவர்கள் அட்டையில் குடும்பத் தலைவி மாமியார். அவருக்கு வயது 68, முதியோர் உதவித்தொகையும் பெறுகிறார். மருமகள் அட்டையில் ஓர் உறுப்பினர் மட்டுமே. கூட்டுக் குடும்பமாகப் பெரியவரை வைத்துக் காப்பாற்றுவதே இங்கே தகுதிக் குறைவாகிறது.

கையில் பணம் தருவது கண்ணியம் என்கிறீர்கள். அதில் உண்மை உண்டு. ரேஷன் கடையில் அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றவர்கள், புழுத்த அரிசியைப் பொறுக்கி எடுத்தவர்கள், பணத்தை விரும்புவதில் வியப்பில்லை. பணமே வேண்டாம் என்று நான் எழுதவும் இல்லை. விலையோடு சேர்ந்து நகராத பணம் வேண்டாம் என்கிறேன். எந்தத் தேதியில் வரும் என்று தெரியாத பணம் வேண்டாம் என்கிறேன். அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை விலைவாசியைப் பார்த்து அகவிலைப்படி திருத்தப்படுகிறது. அது சரியான ஏற்பாடு, அவர்கள் போராடிப் பெற்றது. அதே விலைவாசியில் அரிசி வாங்கும் சிவப்பு அட்டைக்காரருக்கு அப்படியொரு திருத்தம் ஏன் கூடாது?

நீங்கள் கேட்ட எண்ணுக்கு வருகிறேன். இருபது கிலோ, கிலோ 48 ரூபாய்; 960. 2023 ஜூலையில், எங்கள் தெருக் கடையில், அந்த வீட்டுக்குப் போதுமானதாக இருந்த தொகை அது. அதே நவம்பரில் அதே கடைக்காரர் 52 ரூபாய் வாங்கினார், அப்போது 1,040.

அன்புடன்.