ஃபிக்ஸ் செய்ததும் காணாமல் போகும் இழைகள்

செல்கள் உயிரோடு இருந்தபோது அவற்றுக்கு நடுவே மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த இழைகள், ஃபிக்ஸ் செய்ய, அதாவது செல்களை இருந்தபடியே உறைய வைக்க, ஃபார்மால்டிஹைடு ஊற்றியதும் மறைந்துவிட்டன என்கிறீர்கள். அவை நானோகுழாய்களாக, அதாவது ஒரு செல்லை இன்னொன்றோடு இணைக்கும் மெல்லிய சவ்வுக் குழாய்களாக, இருந்தால் இதில் ஆச்சரியமில்லை. 2004-இல் பிசி12 என்ற எலிக் கட்டி செல்களில் முதலில் விவரிக்கப்பட்டவை இவை. தடிமன் 50 முதல் 200 நானோமீட்டர்தான், உள்ளே ஆக்டின் என்ற புரத இழை. செல்கள் வளரும் தட்டின் அடியைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குவதால், பிப்பெட்டிலிருந்து வேகமாக விழும் ஒரு சொட்டே அறுத்துவிடும். திரவத்தை ஓரமாக, மெதுவாக விடுங்கள். தட்டைக் குலுக்கவே கூடாது.

அப்புறம், இழை நானோகுழாய்தானா என்று பார்க்க மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸை மெல்ல மேலே நகர்த்துங்கள். இழை அடித்தளத்திலேயே ஒட்டிக் கிடந்தால் அது வேறு ஏதோ நீட்சி. நடுவில் குமிழ்போலத் தடித்திருந்தால் செல் பிரிந்தபோது மிஞ்சிய பாலமாக இருக்கலாம். அதுதான் ரொம்ப ஏமாற்றும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒன்று இழைக்குள் ஊர்ந்து பக்கத்துச் செல்லுக்குள் நுழைவதை வீடியோவில் பிடித்தால் அது நானோகுழாய் என்பதற்கு வலுவான சான்று.