பனங்கட்டியும் சீனிதான் தங்கச்சி

கேள்வி: எனக்கு 46 வயசு, முல்லைத்தீவுப் பக்கம். ரெண்டு வருசமா சீனி வருத்தத்துக்கு மாசாமாசம் கிளினிக் போறன், குளிசையைக் கண்டாலே வெறுப்பா இருக்கு. காலமை வெறும் வயித்தில காமரங்காயும் பிலிம்பியும் அடிச்சுக் குடிச்சா குளிசையே தேவையில்லை எண்டு பக்கத்து வீட்டு மாமி சொல்லுறா, ஒரு கிழமையாக் குடிக்கிறன். சீனியை விட்டிட்டு பனங்கட்டி கடிச்சுத்தான் தேத்தண்ணி. 2009ல பட்ட செல் பீஸ் ஒண்டு முழங்காலுக்குக் கிட்ட இருக்கு, கனதூரம் நடக்கேலாது. இயற்கையா உடம்பை எப்பிடிப் பாக்கிறது அக்கா?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ஜூசை நிப்பாட்டுங்கோ, மிச்சத்தை ஆறுதலாக் கதைப்பம்.

காமரங்காயிலயும் பிலிம்பியிலயும் ஒக்சலேட் எண்டொரு சாமான் கனக்க இருக்கு. வெறும் வயித்தில சாறாக் குடிக்கேக்க அது கிட்னிக்குள்ள போய்ப் படிஞ்சு அடைச்சு, நல்லா நடமாடின ஆக்களுக்கே சலம் குறைஞ்சு கிட்னி பழுதாப்போன கேசுகளை இலங்கையிலேயே டொக்டர்மார் எழுதி வைச்சிருக்கினம், அதில சீனிக்கு மருந்தெண்டு நினைச்சுக் குடிச்ச ஆக்களும் இருந்தவை. சீனி வருத்தம் எண்டாலே கிட்னிக்கு ஒரு பாரம்தான், அதுக்கு மேல வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத கிட்னி வருத்தம் வேற இருக்கு, நாங்கள் வெய்யிலுக்க வேலை செய்து தண்ணியும் ஒழுங்காக் குடிக்கிற ஆக்களில்லை. ஒரு கிழமை குடிச்சிட்டியள், அதால அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டு இராமல் இந்தக் கிழமையே போய் நடந்ததைச் சொல்லி கிட்னிக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுங்கோ, சலம் குறைஞ்சா, கால் முகம் வீங்கினா, சத்தி வந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. வேரை அவிச்சுக் குடி எண்டு ஆரும் சொன்னாலும் கவனம், ஆடுதின்னாப்பாளை எண்ட மூலிகை கிட்னியைப் பழுதாக்கும் எண்டது சந்தேகமில்லாமல் தெரிஞ்ச விசயம்.

குளிசை வெறுப்பு எனக்கு விளங்குது. நீங்கள் போடுறது மெட்போமினா இருந்தா வெறும் வயித்தில போட்டாலே வயித்தைப் பிரட்டும், சாப்பாட்டோட போட்டுப் பாருங்கோ, அப்பிடியும் சரிவராட்டி மெதுவாக் கரையிற சாதி ஒண்டும் இருக்கு எண்டு கிளினிக்கில வாய்விட்டுக் கேளுங்கோ. கன பேர் அங்க போய் "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" எண்டு தலையாட்டிப்போட்டு வீட்ட வந்து குளிசையை டப்பாக்குள்ள சேத்து வைக்கிறது.

இப்ப பனங்கட்டி. இதில உங்களுக்குக் கோவம் வரும் எண்டு தெரியும், ஆனா பனங்கட்டியும் முக்கால்வாசிக்கு மேல சீனிதான். பனையில இருந்து வந்ததெண்டு ரத்தத்துக்குத் தெரியாது. ஒருக்கா இப்பிடிச் செய்து பாருங்கோ: காலமையே ஒரு பனங்கட்டிக் குட்டானைப் பிரிச்சு, அண்டைக்குக் கடிக்கப்போறதை உடைச்சு ஒரு சின்னப் பேணியில போட்டு வையுங்கோ, ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் அதில இருந்து மட்டும் எடுங்கோ. மத்தியானத்துக்கு முதலே பேணி முடிஞ்சு திரும்பவும் குட்டானுக்குக் கை போகும், அப்பதான் கணக்குத் தெரியும். சும்மா ஆக்களுக்கே சேர்க்கிற இனிப்பு நாளுக்கு 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஆறு தேக்கரண்டிச் சீனி, ஒரு நாளைக்கு அஞ்சு தேத்தண்ணி ரெண்டு கரண்டிப்படி குடிக்கிற வீட்டில பத்துக் கரண்டி வந்திடும். உங்களுக்கு அந்த ஆறும் வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வாங்கோ, நாக்கு பழகும், நான் வெறுந்தேத்தண்ணிக்குப் பழக ஒண்டரை மாசம் எடுத்தது, முதல் கிழமை எல்லாரோடையும் எரிஞ்சு விழுந்தனான்.

சாப்பாட்டில நான் சொல்லுறது கோப்பைக் கணக்குத்தான். இப்ப கோப்பை நிறையச் சோறும் ஓரத்தில கறியும் எண்டா, அதை மாத்திப் பாதிக் கோப்பை இலையும் மரக்கறியும், கால்வாசிக்கு மீனோ பருப்போ, மிச்சக் கால்வாசிக்குத்தான் சிவப்பரிசிச் சோறு. முருங்கையிலை எங்கட வேலியில சும்மா நிக்குது. காம்பை உருவிக் கழுவி, தாச்சியில கடுகு, வெங்காயம், செத்தல் போட்டு வதக்கி, இலையைக் கொட்டி மூடாமல் கிளறுங்கோ (மூடினா நிறம் கறுத்துப்போகும், ருசியும் மாறும்), இலை சுருண்டு வரேக்க ஒரு பிடி தேங்காய்ப்பூ, உப்பு, இறக்கினாப்பிறகு தேசிப்புளி. அந்த வறை இருந்தா சோறு தானாக் குறையும். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி எல்லாம் இதே கணக்குத்தான். குரக்கன் பிட்டு நல்லது, கல்சியம் கூட, நார் கூட, ஆனா அதுவும் மா எண்டதை மறந்து ஒரு நீத்துப்பெட்டியை முழுசா முடிச்சா சீனி ஏறத்தான் செய்யும். கருவாடு, ஊறுகாய் உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

நடக்கேலாது எண்டு விட்டிடாதேங்கோ. கிழமைக்கு 150 நிமிசம் உடம்பை அசைக்கச் சொல்லுறது ஒரேயடியா இல்லை, சாப்பிட்டாப் பிறகு முத்தத்தில பத்து நிமிசம் மெதுவா நடந்தாலே அந்த நேரச் சீனி இறங்கும். முழங்கால் வலிக்கிற நாளில கதிரையில இருந்து ஒரு காலை நேரா நீட்டி அஞ்சு எண்ணும்வரை பிடிச்சு இறக்குங்கோ, பத்துத்தரம், பிறகு மற்றக்கால். ஒரு லீட்டர் தண்ணிப் போத்தல் ரெண்டைக் கையில பிடிச்சுத் தூக்கினாலும் உடற்பயிற்சிதான். முதல்ல அந்தக் காலைக் கிளினிக்கில காட்டி எவ்வளவு மடக்கலாம் எண்டு கேட்டுட்டுத் தொடங்குங்கோ. இன்னொண்டு, எப்பவாவது எம்ஆர்ஐ (காந்தத்தால உள்ளுடம்பைப் படம் பிடிக்கிறது) எடுக்கச் சொன்னா உள்ளுக்க இரும்பு இருக்கு எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ, எங்கட சனம் அதோட வாழ்ந்து பழகி சொல்லவே மறந்திடும்.

வயலுக்கு வெறுங்காலோட போகாதேங்கோ. இரவு படுக்க முதல் உள்ளங்காலை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, சீனி கூடினா முள்ளுக் குத்தினதே தெரியாது. புண் வந்தா கோப்பித்தூள், புகையிலை ஒண்டும் அப்பக்கூடாது, கழுவிப்போட்டு ஆஸ்பத்திரி. தடிமனுக்கு மல்லியும் இஞ்சியும் அவிச்சுக் குடியுங்கோ, அதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, பனங்கட்டி இல்லாமல்.

மாமியோட சண்டைக்குப் போகவேண்டாம். அவவின்ர வீட்டில பாவக்காய்க் கொடி நிண்டா ரெண்டு காய் வாங்கிக் கறி வையுங்கோ, கறியாச் சாப்பிட்டா சரி, குளிசையோட சேத்து அதையும் சாறாக் குடிச்சா சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி வேர்த்து நடுங்கலாம். அந்தக் காமரங்காய் ஜூசை அவவும் குடிக்கிறாவோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, குடிக்கிறா எண்டா டெஸ்டுக்குப் போகேக்க அவவையும் ஓட்டோவில ஏத்திக்கொண்டு போங்கோ.